பிடித்துக்கொள்ள மூன்றாவது கை இல்லை: கோவையில் முதியோர் குடியிருப்பு கட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

வடவள்ளி, தொண்டாமுத்தூர்ப் பக்கம் முதியோர் குடியிருப்புகள் கட்டிவரும் நிறுவனங்களுக்கும் அவற்றை வரையும் கட்டடக் கலைஞர்களுக்கும், வணக்கம்.

நெதர்லாந்தின் வேஸ்ப் ஊரில் 2009இல் திறக்கப்பட்ட ஹோகெவேக் என்ற மறதிநோயாளர் குடியிருப்பின் படம் உங்கள் பிரசன்டேஷன்களில் தவறாமல் வருகிறது. அங்கே ஆறேழு பேராக ஒரு வீட்டில் வாழ்கிறார்கள். தொடக்கத்தில் அந்த வீடுகளை, அவரவர் பழகிய விதத்துக்கேற்ப, ஏழு வாழ்க்கை முறைகளாகப் பிரித்திருந்தார்கள்; அதில் ஒன்று, நெதர்லாந்தின் பழைய காலனியான இந்தோனேசியாவோடு உறவு கொண்டவர்களுக்கானது. நீங்கள் எடுத்து வந்ததோ கடைத்தெருவையும் நீரூற்றையும். சிங்கப்பூரின் கம்போங் அட்மிரல்டி என்ற முதியோர் குடியிருப்பு வளாகத்திலும் இதே கதைதான். 104 வீடுகளுக்குக் கீழே உணவங்காடி வைத்தது, அங்கே வெளியில் சாப்பிடுவது அன்றாடப் பழக்கம் என்பதால். இரவு ஏழு மணிக்கு இரண்டு இட்லியோடு முடித்துக்கொள்பவருக்கு இங்கே கஃபே கட்டினால் நாற்காலிகள்தான் உட்கார்ந்திருக்கும்.

கழிவறைக்கு வருவோம். வெளிநாட்டு வரைபடம் காகிதம் பயன்படுத்துபவருக்காகப் போடப்பட்டது. நம்மவர் வலது கையில் ஹெல்த் ஃபாசெட்டைப் பிடித்து இடது கையால் கழுவுகிறார். உடம்பு முன்னால் சாய்ந்திருக்கும் அந்த நேரத்தில் கைப்பிடிக் கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. கிளாசெட்டுக்குள்ளேயே நீர் பீய்ச்சும் குழாய் வையுங்கள். அதன் திருகைப் பின்பக்கம் ஒளிக்காமல், வலப்பக்கம் முன்விளிம்புக்கு நேராகக் கொண்டுவாருங்கள். ஒருமுறை திருப்பிவிட்டால் வலது கை கம்பிக்குப் போய்விடும்.

இதில் ஒரு சிக்கல் யார் கண்ணிலும் படுவதில்லை. பைப் லைனுக்காக அடுத்தடுத்த வீடுகளைக் கண்ணாடிப் பிம்பமாக வரைகிறீர்கள். பாதி வீடுகளில் சுவரும் கம்பியும் இடப்பக்கம், அதாவது கழுவும் கையின் பக்கம், போய்விடும். அங்கே வலப்பக்கத்தில் மடக்குக் கம்பி கட்டாயம். பக்கவாதத்தால் வலது கை செயலிழந்தவருக்கு நேர்மாறாக வேண்டும் என்பதால், இரு பக்கமும் பொருத்த வழி விட்டுவைப்பதே புத்திசாலித்தனம்.

கம்பியின் குறுக்களவு 32 முதல் 40 மி.மீ., சுவரிலிருந்து இடைவெளி 40 மி.மீ., கிளாசெட்டின் உயரம் 450 முதல் 480 மி.மீ. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கம்பி பிடுங்கிக்கொண்டு வருவது வேறு காரணத்தால். ஏஏசி பிளாக் (நுண்துளைகள் கொண்ட இலகு கான்கிரீட் கல்) சுவரில் டைல்ஸ் ஒட்டி முடித்தபின் துளையிட்டுச் சாதாரண பிளக் அடித்தால், எழுந்திருக்கிறவரின் எடையை அது நெடுநாள் தாங்காது. சுவர் எழும்பும்போதே கம்பி வரும் உயரத்தில் கான்கிரீட் பட்டை போடுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே திறக்கும் கதவை விழுந்து கிடப்பவரின் உடம்பே அடைத்துவிடும்.

அடுத்தது டைல்ஸ். வழுக்காத தன்மைக்கு ஆர்10, ஆர்11 என்று கேட்லாக்கில் பார்த்து வாங்குகிறீர்கள். அது எண்ணெய் ஊற்றிய தரையில் பூட்ஸ் போட்டு நடந்து பார்க்கும் ஜெர்மன் சோதனை. நம் வீட்டில் யார் பூட்ஸ் போடுகிறார்கள்? ஈரத் தரையில் வெறுங்காலோடு நடப்பதற்கு டிஐஎன் 51097 என்ற ஜெர்மன் தர எண்ணால் அறியப்படும் தனிச் சோதனை இருக்கிறது. குளியலறைக்கு அதில் பி அல்லது சி தரம் கேளுங்கள். பக்கெட் வைத்துக் குளிப்பவருக்கு, உட்காரும் முக்காலியின் அருகே 300 மி.மீ. உயரத் திட்டு கட்டி, பக்கெட்டை அதன்மேல் வைக்க விடுங்கள். மக்கில் மொள்ளக் குனிய வேண்டியிராது.

நிலைப்படி தடுக்குகிறது என்று அடியோடு எடுத்துவிட்டால், மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்க இடமில்லையே என்று அம்மாக்கள் வருந்துவார்கள். தரை மட்டத்திலேயே ஒரு கல்பட்டை பதித்தால் இரண்டும் நடக்கும். கறுப்புக் கல் மட்டும் வேண்டாம். மறதிநோய் உள்ளவர்களுக்கு அது பள்ளமாகத் தெரியலாம். வாசலில் செருப்பைக் கழற்றக் கைவைத்த நாற்காலி ஒன்று தேவை.

பூஜை இடத்தில் ஸ்மோக் டிடெக்டர் மாட்டினால் சாம்பிராணி போடும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அலாரம் அடிக்கும். நாலாவது வெள்ளிக்கிழமை யாராவது அதைக் கழற்றிவிடுவார்கள். உண்மையான தீ வரும் நாளில் எச்சரிக்க ஒன்றும் இருக்காது. அந்த இடத்துக்கு வெப்பத்தை உணரும் டிடெக்டர் போதும். விளக்கு மாடம் 750 மி.மீ. உயரத்தில் இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்தே ஏற்றலாம்.

சமையலறையில் சைவ, அசைவ அடுப்புகளும் பாத்திரம் கழுவும் தொட்டிகளும் தனித்தனியே இருக்கட்டும்.

எந்த பிரசன்டேஷனிலும் வராத ஒன்று, சாவு. இறந்தவரை ராத்திரியோடு ராத்திரியாகக் குப்பைவண்டி வரும் பின்வாசல் வழியே அனுப்பிவைக்கும் ஏற்பாடு இங்கே செல்லாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் முகம் பார்க்க வேண்டும், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து சேர ஓரிரு நாளாகலாம். ஒரு லிஃப்டாவது 2.4 மீட்டர் ஆழம் இருக்கட்டும். ஸ்ட்ரெச்சரை நிமிர்த்தி இறக்கும் அவலம் வேண்டாம். முன்பக்கமாக, சாப்பாட்டுக் கூடத்திலிருந்து நேரே தெரியாத இடத்தில், ஐம்பது பேர் உட்காரக்கூடிய கூரையிட்ட முற்றம் வேண்டும். அங்கே ஃப்ரீசர் பாக்ஸுக்கு ஜெனரேட்டரோடு இணைந்த 15 ஆம்பியர் பிளக், குளிப்பாட்டத் தண்ணீர்க் குழாய், வடிகால், சக்கர நாற்காலி ஏற 1:12 சரிவு, அமரர் ஊர்தி வந்து திரும்ப இடம் எல்லாம் இருக்க வேண்டும். அதற்காக நீச்சல் குளத்தைச் சுருக்க வேண்டியிருந்தால் சுருக்குங்கள்.

அடுத்த திட்டத்தின் வரைபடத்தை ஒப்புதலுக்கு அனுப்புவதற்கு முன், ஒரு குளியலறையை முழு அளவில் பிளைவுட்டில் கட்டுங்கள். எழுபத்தைந்து தாண்டிய ஆறு பேரை அழைத்து, ஒரு கையில் குழாயைக் கொடுத்து, உட்கார்ந்து எழுந்து காட்டச் சொல்லுங்கள். அளவு நாடாவோடு நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள்.

இப்படிக்கு,
முதியோர் வசிப்பிட வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் இருப்பவர்கள்