அந்தப் பெட்டி ஓடும்போதே மாற்றிவிடு

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். உன் பழைய கம்ப்யூட்டர் சில நாள் முக்கி முனகித்தான் எழுந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். கணக்கு மென்பொருளை மறுபடி நிறுவ சிடியும் இல்லை, எழுதிக் கொடுத்தவரும் தொடர்பில் இல்லை என்கிறாய். அப்படியானால் காத்திருக்காதே. பெட்டி ஓடும்போதே அதை மெய்நிகர் கணினியாக, அதாவது வேறொரு கணினிக்குள் ஒரு நிரல் போல ஓடும் கணினியாக மாற்றிவிடு. நானும் என்னுடையதைப் போன மாதம்தான் மாற்றினேன்.

நகல் எடுப்பது சுலபம். மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் டிஸ்க்2விஎச்டி என்ற சின்ன நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ் ஓடும்போதே ஷேடோ காப்பி (டிஸ்க் அந்த நொடியில் இருந்த நிலையைப் பிடித்து வைக்கும் விண்டோஸ் வசதி) வழியாக மொத்த டிஸ்க்கையும் ஒரு கோப்பாக எழுதிவிடும். கோப்பு வெளி ஹார்ட் டிஸ்க்கில் போகட்டும். மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் நிரலில் ஓட்டப்போகிறாய் என்றால் விஎச்டிஎக்ஸ் என்ற புதிய கோப்பு வகைக்கான டிக்கை எடுத்துவிடு, பழைய விஎச்டி வகையே போதும். அதற்கு 2040 ஜிபி வரம்பு உண்டு, உன் டிஸ்க் அதற்கு எங்கே வரப்போகிறது! கணக்கு மென்பொருளை மூடிவிட்டு எடு, அது முக்கியம்.

சிக்கல் முதல் பூட்டில்தான். நீலத் திரையில் 7பி என்று முடியும் பிழை எண் வந்தால் பதறாதே, தரவு எங்கும் போய்விடவில்லை. பூட் ஆகும் டிஸ்க்கை விண்டோஸால் எட்ட முடியவில்லை. பெரும்பாலும் டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் கன்ட்ரோலர் மாறியதுதான் காரணம். பழைய பெட்டியின் பயாஸில் (விண்டோஸ் எழும் முன் வரும் அமைப்புத் திரையில்) டிஸ்க் இணைப்பு முறை ஐடிஇ என்றிருக்கிறதா, ஏஎச்சிஐ என்றிருக்கிறதா என்று இப்போதே பார்த்துக் குறித்து வை. விர்ச்சுவல்பாக்ஸிலும் அதே வகையில் டிஸ்க்கை மாட்டு. பழையது பயாஸுக்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ முறை வழியாகப் பூட் ஆகிறதென்றால் அங்கும் இஎஃப்ஐயை இயக்க வேண்டும்.

அப்புறம், முதல் தடவை நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டு ஓட்டு. ஒரே பெயரில், ஒரே ஐபியில் இரண்டு பெட்டிகள் வந்தால் குழப்பம். வன்பொருள் மாறிவிட்டது என்று விண்டோஸ் மறுபடி ஆக்டிவேஷன் கேட்கலாம். பெட்டியோடு வந்த ஓஇஎம் உரிமம் அந்தப் பெட்டிக்கு மட்டும்தான், அதையும் யோசித்துக்கொள்.

என்னுடையது எழுந்தபோது ஐகான்கள்கூட இருந்த இடத்திலேயே இருந்தன. எத்தனை வருட வேலை அதில்! அவ்வளவு சந்தோஷம் எனக்கு. ஆனாலும் பழைய டிஸ்க்கை நான் இன்னும் அழிக்கவில்லை. நீயும் ஒரு மாதக் கணக்காவது புதியதில் முடித்துப் பார்த்த பிறகே பழையதைத் தொடு.

உன் மென்பொருளுக்கு டாங்கிள், அதாவது உரிமத்தைக் காட்டக் கணினியில் செருகும் சின்னக் கருவி, உண்டா? யுஎஸ்பி என்றால் மெய்நிகர் கணினிக்குள் அனுப்பிப் பார்க்கலாம். பழைய பேரலல் போர்ட் என்றால் வேறு வழி பார்க்க வேண்டும். எதுவென்று பார்த்துச் சீக்கிரம் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்