ஜூரிகள் யாருடைய முகத்தைப் பார்க்கிறார்கள்?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

பொதுமக்களிலிருந்து எடுக்கப்படும் ஏழு பேர் குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிக்கும் ஜூரி முறை, நீதியைச் சாமானியனின் கையில் கொடுக்கிறது என்று கடந்த ஞாயிறு வெளிவந்த கட்டுரை பாராட்டியிருந்தது. எந்தச் சாமானியன் என்பதைக் கட்டுரையாளர் கேட்கவே இல்லை. 26 வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் என்ற முறையில் அதை நான் கேட்கிறேன்.

தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10ஆம் திகதி காலை கொழும்பில் காரில் புறப்பட்டபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது பொலிஸ் மெய்ப்பாதுகாவலரும் உயிரிழந்தார். வழக்கு மேல் நீதிமன்றத்துக்கு வந்ததும் எதிரிகள், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர்கள், தரப்பு சிங்களம் பேசும் ஜூரிகளைக் கேட்டது. குடும்பத்தாரின் சட்டத்தரணிகள் ஆட்சேபித்தும் அது அனுமதிக்கப்பட்டது. 2016 டிசம்பர் 24, நள்ளிரவு கடந்த வேளையில் கடற்படைப் புலனாய்வைச் சேர்ந்த மூவர் உட்பட ஐந்து பேரும் விடுதலையானார்கள். அதே வருடம் ஜூலையில் குமாரபுரம் வழக்கும் இப்படித்தான் முடிந்தது. திருகோணமலை மாவட்டத்தில் 1996இல் 24 தமிழர் கொல்லப்பட்ட வழக்கு அது. வழக்கு விசாரணை அநுராதபுரத்தில் நடந்தது. உயிர் தப்பியவர்கள் அவ்வளவு தூரம் போய்ச் சாட்சி சொன்னார்கள். ஜூரிகள் முன்னாள் இராணுவத்தினர் ஆறு பேரையும் விடுவித்தார்கள்.

விடுதலையான எவரையும் குற்றவாளி என்று சொல்ல நான் வரவில்லை. சாட்சியம் உண்மையிலேயே போதாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு நீதிபதி விடுதலை செய்தால் எந்தச் சாட்சியை ஏன் நம்பவில்லை என்று எழுதியாக வேண்டும். ஜூரிகள் ஒரு சொல் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். அந்தச் சொல்லின் பின்னால் இருந்தது சாட்சியத்தின் பலவீனமா, சாட்சியின் இனமா என்பதை இறந்தவரின் வீட்டார் கடைசிவரை அறியப்போவதில்லை.

நான் கடமையாற்றிய ஒரு வழக்கில் சாட்சிக்கூண்டில் ஒரு தாய் நின்றார். மகன் எப்போது வீட்டை விட்டுப் போனான் என்ற கேள்விக்கு, "விளக்கு வைக்கிற நேரம்" என்றார். "மாலை ஆறு மணியளவில்" என்று நான் சிங்களத்தில் சொன்னேன். குறுக்கு விசாரணையில், மணிக்கூடு பார்த்தீர்களா என்று கேட்டார்கள். வீட்டில் மணிக்கூடே இல்லை என்றார் அவர். பொய் சொல்லி அகப்பட்டவர்போல ஆகிவிட்டார். மணி சொன்னது நான்தான் என்று உடனே எழுந்து சொன்னேன், பதிவேடு திருத்தப்பட்டது. ஜூரிகளின் காதில் விழுந்தது விழுந்ததுதான். அவர் அழுதபோதும் ஏழு பேரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாட்சியின் முகத்தைப் பார்த்து உண்மையை எடைபோடுவதற்கென்றே ஜூரிகளை அமர்த்துகிறோம் என்கிறார்களே, அந்த முகத்தை அன்று யார் பார்த்தது?

எதிரி தனக்கு விளங்கும் மொழியில் விசாரிக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. தென்னிலங்கையில் தனியாகக் கூண்டில் நிற்கும் தமிழ் எதிரிக்கும் அந்தப் பாதுகாப்பு தேவை. ஆனால் மொழிதான் இனம் என்றாகிவிட்ட நாட்டில், ஜூரியின் மொழியைத் தெரிவுசெய்யும் உரிமை எதிரியிடம் மட்டும் இருந்தால், கொல்லப்பட்டவரின் ஆட்கள் அந்த ஏழு ஆசனங்களுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஒரே மனிதரை ஆறு தடவை விசாரித்து, ஜூரிக்கு வந்தவர்களில் தன்னால் கழிக்க முடிந்த 42 கறுப்பினத்தவரில் 41 பேரை அரச தரப்பு கழித்துவிட்டது. 2019இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்துச் செய்தது. இங்கே எவரையும் கழிக்க வேண்டிய அவசியமே இல்லை. எந்த மொழி பேசும் ஜூரிக் குழு வேண்டும் என்று எதிரி சொன்னால் போதும்.

ஜூரியை நமக்குத் தந்த இங்கிலாந்தில் 14ஆம் நூற்றாண்டு முதல் 1870 வரை, வழக்காளிகளில் ஒருவர் அந்நியரானால் பாதிப் பேர் அந்நியராக உள்ள ஜூரியைக் கேட்க முடிந்தது. நம்முடைய குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையும் வழியை அடைக்கவில்லை. எதிரி தெரிவுசெய்த குழுவிலிருந்தே ஜூரிகள் எடுக்கப்பட வேண்டும் என்னும் பிரிவிலேயே, நீதிமன்றம் வேறுவிதமாகப் பணித்தாலன்றி என்றும் இருக்கிறது. படையினர் எதிரிகளாகவும் தமிழர் சாட்சிகளாகவும் நிற்கும் அடுத்த வழக்கில் சட்டமா அதிபரின் சட்டத்தரணி அந்த வரியைத் திறந்த மன்றில் வாசித்து, இரு மொழியும் தெரிந்த ஜூரிகளைக் கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால், காரணம் எழுதும் நீதிபதிகளைக் கேட்க வேண்டும்.

ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
மட்டக்களப்பு