மகளின் தோலையும் ஒரு பொருட்டாக எண்ணியவர்களுக்கு நன்றி

பெருமதிப்புக்குரியோருக்கு,

தலசீமியா நோயுள்ள எங்கள் மகள், உடலிலிருந்து இரும்பை அகற்றும் மருந்தை இடையில் கைவிடாமல் தொடர்வதற்குக் காரணமான அனைவருக்கும் இம்மடலை எழுதுகிறேன். இந்நோயுள்ள பிள்ளைக்கு அடிக்கடி குருதி ஏற்ற வேண்டும்; அப்படி ஏற்றும் ஒரு முழுப் பை குருதியில் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பு உண்டு. அது இருதயத்திலும் ஈரலிலும் படியாதிருக்க, டெஸ்பெரால் மருந்தைச் சிறு பம்ப் மூலம் இரவில் 8 முதல் 12 மணித்தியாலங்கள் தோலின் கீழ் செலுத்த வேண்டும். ஊசி ஏறிய இடமோ சிவந்து தடித்து, விடியும்போது புளியங்கொட்டை அளவில் கட்டியாகி நிற்கும். அரிப்புத் தாளாமல் சொறிந்து புண்ணாக்கிக்கொண்ட பிள்ளை, பம்பை எடுத்தாலே வயிற்றைப் பொத்திக்கொள்வாள்.

"உயிர் காக்கும் மருந்து, தோல்தானே, பொறுத்துக்கொள்ளட்டும்" என்று சொன்னவர்களும் உண்டு. அப்படிச் சொல்லாமல், கட்டிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்த பொரளை சிறுவர் வைத்தியசாலைத் தாதியருக்கே என் முதல் நன்றி. 500 மில்லிகிராம் மருந்துக் குப்பியில் கலக்கும் நீர் 5 மில்லிலீற்றருக்குக் குறையக்கூடாது, செறிவு கூடினால் தோல் எரியும் என்பதையும், வயிறு, தொடை, மேற்கை என இடம் மாற்றிக் குத்த வேண்டும் என்பதையும் அவர்கள் பொறுமையாகச் செய்துகாட்டினார்கள். ஊசிமுனை கொழுப்புப் படையை எட்டாமல் மேலேயே நிற்பதைக் கண்டுபிடித்து, சற்று நீளமான ஊசி தந்தவரும் அவர்களுள் ஒருவரே. அதன் பின் கட்டிகள் வெகுவாகக் குறைந்தன.

பின்னர், இரும்பை அகற்றும் டெபெராசிரொக்ஸ் மாத்திரைக்கு மாறியபோது முதுகெங்கும் செம்புள்ளிகள் தோன்றின. மருந்தை அடியோடு விலக்கிவிடாமல், சில நாள் நிறுத்தி, குறைந்த அளவில் மீண்டும் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிய வைத்தியருக்கு நாங்கள் மிகவும் கடமைப்பட்டுள்ளோம். வாயில் புண்ணோ தோலில் கொப்புளமோ கண்டால் அக்கணமே நிறுத்திவிட்டு ஓடிவரும்படி அவர் சொன்னதை, மருந்தகத்துத் தம்பி தன் கையாலேயே தமிழில் எழுதித் தந்தார். சிங்களமோ ஆங்கிலமோ வாசிக்கத் தெரியாத என் மாமியாருக்கு அந்தத் தாள் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அவர் அறிந்திருக்க மாட்டார்.

தலசீமியா தொற்றுநோயன்று என்று வகுப்பில் எடுத்துச் சொன்ன ஆசிரியைக்கும், பம்பை வைக்கப் பருத்தித் துணியில் பை தைத்துத் தந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், நாரஹேன்பிட்டி இரத்த வங்கிக்கு ஒரு சதமும் வாங்காமல் குருதி கொடுக்கும் முகமறியாத நல்லுள்ளங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலசீமியாப் பிள்ளை ஒருத்தியின் தாய்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.