எத்தனை பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மலைச் சரணாலயங்களில் பறவை பார்ப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது, படங்கள் அதைவிட நன்றாக இருந்தன. ஆனால் கட்டுரை முழுக்க எந்த கேமரா, எந்த லென்ஸ், எந்த அரிய பறவை என்றே போகிறது. மலையேறுகிறவர் கையில் ஒரு நோட்டும் இருக்கட்டும், பார்த்தது எத்தனை என்று குறித்து வரட்டும் என்று ஒரு வரிகூட இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹாக் மவுன்டன் என்றொரு மலை இருக்கிறது. இலையுதிர் காலத்தில் காற்று அந்த மலைத்தொடரில் மோதி மேலே எழும்பும், அதில் ஏறிக்கொண்டு பருந்தும் கழுகும் சிறகை அதிகம் அடிக்காமலே தெற்கே போகும். அப்படிப் போகிறவற்றைப் பாறைமேல் உட்கார்ந்து சுட்டுத் தள்ளுவது ஒரு காலத்தில் பொழுதுபோக்காகவே இருந்தது. 1934-ல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி மலையைக் குத்தகைக்கு எடுத்துச் சரணாலயமாக்கினார். காவலுக்கு வந்த மாரிஸ் புரூன் துப்பாக்கியோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதோடு நிற்கவில்லை, தலைக்கு மேல் போகும் பறவைகளை எண்ணி எழுதவும் தொடங்கினார்.

அங்கே வரும் வெண்தலைக் கழுகுக்குத் தலை முழுசாக வெளுக்க ஏறக்குறைய ஐந்து வருடம் ஆகும். அதுவரை பழுப்புதான். அதனால் பழகிய கண் உள்ளவர் கீழே இருந்தே இது இளசு, இது வளர்ந்தது என்று சொல்லிவிடலாம். 1935 முதல் 1939 வரை அங்கே பார்த்த வெண்தலைக் கழுகுகளில் 40 சதவீதம் இளம் பறவைகள். 1955 முதல் 1959 வரை அது 20 சதவீதம்தான். 1957-ல் மட்டும் பார்த்தால், வளர்ந்த பறவை 32-க்கு இளசு ஒன்றே ஒன்று! போய்ப் பார்த்தவர்களுக்கு வானத்தில் கழுகு இருந்தது, சந்தோஷமாகத் திரும்பியிருப்பார்கள். புதுக் குஞ்சுகள் வரவில்லை என்பதைச் சொன்னது அந்தக் கணக்குதான். பூச்சிக்கொல்லிகளைப் பற்றி 1962-ல் வந்த தன் நூலில் ரேச்சல் கார்சன் இந்த எண்களை எடுத்து வைத்தார். 1972-ல் அந்த நாட்டில் அந்தப் பூச்சிக்கொல்லிகளில் ஒன்றான டிடிடிக்குத் தடை வந்தது.

இன்னொன்று, பெரு நாட்டில் ஒரு மலையில் எந்தப் பறவை எந்த உயரத்தில் இருக்கிறது என்று 1985-ல் கணக்கெடுத்து வைத்திருந்தார்கள். 2017-ல் திரும்பப் போய்ப் பார்த்தால் பல இனங்கள் மேலே நகர்ந்திருந்தன, முன்பு உச்சியில் இருந்த சில இனங்கள் கண்ணில் படவே இல்லை. சூடு கூடக் கூடப் பறவை மேலே ஏறும், சரி, உச்சிக்கு மேல் எங்கே ஏறும்? பழைய குறிப்பு இல்லாவிட்டால் இப்படி ஒன்று நடந்தது என்றே யாருக்கும் தெரிந்திருக்காது.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். எத்தனை மணிக்குத் தொடங்கினோம், எவ்வளவு தூரம் நடந்தோம், எந்த உயரத்தில் நின்றோம், என்ன பறவை, எத்தனை, அவ்வளவுதான். பறவைப் பட்டியல்களைச் சேர்த்து வைக்கும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றினால் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கும் போய்ச் சேரும். ஆனால் ஒன்று, அரியதை மட்டும் எழுதிவிட்டு காக்கையையும் சிட்டையும் விட்டுவிடக் கூடாது, அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதினால்தான் எது குறைகிறது என்று பிறகு ஒப்பிட முடியும். அப்புறம், செல்போனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதை தயவுசெய்து விடுங்கள். போட்டிக்கு வேறொரு பறவை வந்துவிட்டது என்று நினைத்து அது இரை தேடுவதையும் கூட்டையும் விட்டுவிட்டு ஓடி வருகிறது.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது படங்களுக்குப் பக்கத்திலேயே யாராவது ஒரு வாசகரின் ஒரு நாள் பட்டியலையும் எண்ணிக்கையோடு அப்படியே அச்சிடுங்கள். அரைப் பக்கம் போதும்.

இப்படிக்கு,
பறவைகள் மேல் பிரியமுள்ள ஒரு வாசகர்