திரையில் இல்லாத விமானம்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. தங்கைக்கு மூட்டுவலி குறைந்திருப்பதை அறிந்து மகிழ்ந்தேன். எனக்கு வலக்கண்ணில் கண்புரை நீக்கி மூன்று வாரம் ஆகிறது. மருத்துவர் அனுமதித்த பிறகு நான் எழுதும் முதல் நீண்ட கடிதம் இதுதான். விமானம் ஓட்டப் பயிலும் உன் பேரன் தனியாகப் பறக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டான் என்ற பகுதியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். உள்ளங்கை அளவுள்ள எச்சரிக்கைக் கருவி ஒன்றை அவன் வாங்கி டேப்லெட்டோடு இணைத்திருக்கிறான் என்றும், அக்கம்பக்கத்து விமானங்களும் கோபுரங்களும் திரையிலேயே தெரிந்துவிடுவதால் இனி மோதல் பயமில்லை என்கிறான் என்றும் எழுதி, அது உண்மைதானா என்று கேட்டிருந்தாய். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறு விமானங்களின் ரேடியோவையும், ரேடாருக்குப் பதில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டரையும் பிரித்துப் பழுது பார்த்தவன் என்ற முறையில், இதற்கு ஒரு வரியில் பதில் எழுதிவிட என் மனம் ஒப்பவில்லை.

அந்தக் கருவிக்குக் கண் கிடையாது, காது மட்டுமே உண்டு என்பதை அவனுக்கு முதலில் சொல். ஏடிஎஸ்-பி ஒலிபரப்பி உள்ள விமானம், தான் இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் மூலம் அறிந்து, வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு முறை 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அறிவித்துக்கொண்டே போகிறது. உன் பேரனின் கருவி அதைக் கேட்டுத் திரையில் ஓர் அம்புக்குறியை வரைகிறது. அறிவிக்காத விமானம் அதன் கணக்கில் இல்லவே இல்லை. பழைய டிரான்ஸ்பாண்டர் மட்டும் உள்ள விமானமோ, ரேடார் கேள்வி கேட்டால் தன் எண்ணையும் உயரத்தையும் சொல்லுமே தவிர, இருக்கும் இடத்தைச் சொல்லாது. அதனிடமிருந்து வரும் அலையின் வலிமையைக் கொண்டு, 'பக்கத்தில் இருக்கலாம்' என்று கருவி ஊகித்து, திசை சொல்லத் தெரியாமல் நம்மைச் சுற்றி ஒரு வட்டத்தைப் போடும். தொலைவில் போகும் பலமான ஒலிபரப்பியும் அருகில் வரும் பலவீனமான ஒலிபரப்பியும் அதற்கு ஒன்றுபோலவே தோன்றும்.

பெரிய பயணிகள் விமானத்தில் உள்ள மோதல் தவிர்ப்புக் கருவி வேறு வகை. அது 1030 மெகாஹெர்ட்ஸில் தானே கேள்வி கேட்டு, பதில் வர எடுக்கும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கிறது. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரியில் இரண்டு விமானங்கள் வானில் மோதி 349 பேர் இறந்த பிறகுதான் நம் நாட்டில் அக்கருவி கட்டாயமானது. நம் பையன் ஓட்டும் நான்கு இருக்கை செஸ்னாவுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அவன் வைத்திருப்பது பிறர் பேச்சு காதில் விழுந்தால் மட்டும் சொல்லும் கருவி. பெரிய கருவிக்குரிய நம்பிக்கையைச் சிறியதன்மேல் வைப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

நான் இதை அனுபவத்தில் அறிந்தவன். 2018-இல் ஒரு காலை, பழுது பார்த்த ரேடியோவைச் சோதிப்பதற்காக புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து ஒரு செஸ்னா 172-இல் பயிற்றுநரோடு கிளம்பினேன். கடற்கரையை ஒட்டித் தெற்கே வந்து, பெண்ணையாற்று முகத்துவாரத்துக்கு மேலே 1,500 அடியில் இருந்தோம். டேப்லெட் என் மடியில் இருந்தது. எங்களுக்கு வெகு உயரத்தில் சென்னையை நோக்கிப் போகும் ஒரு பயணிகள் விமானத்தைத் தவிர, திரையில் வேறொன்றும் இல்லை. தாழங்குடா மீனவர்கள் வலை இழுப்பதை எனக்குக் காட்டுவதற்காகப் பயிற்றுநர் இடது இறக்கையைச் சற்றே தாழ்த்தினார். தாழ்ந்த இறக்கைக்கு அப்பால், எங்களுக்குச் சற்றுக் கீழே, எதிர்த்திசையில் இன்னொரு வெள்ளை விமானம் போய்க்கொண்டிருந்தது. அதன் வால் துடுப்பில் இருந்த சிவப்புப் பட்டையும், கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டுபவரின் தலையும் தெரிந்தன. அந்த இறக்கை தாழாதிருந்தால் அப்படி ஒரு விமானம் எங்களைக் கடந்தது என்பதே இன்றுவரை எனக்குத் தெரிந்திருக்காது. திரையில் அதே ஒற்றை அம்புக்குறிதான் இருந்தது. எச்சரிக்கை ஒலி வரவே இல்லை.

இறங்கிய பிறகு விசாரித்ததில் இரண்டு காரணங்கள் தெரியவந்தன. அந்த விமானத்தில் டிரான்ஸ்பாண்டரின் திருகு 'ஆல்ட்' என்ற நிலையில் இல்லாமல் 'ஆன்' என்ற நிலையிலேயே நின்றிருக்கிறது. அதாவது, பதில் போகும், உயரம் போகாது. எங்கள் டேப்லெட்டிலோ, உயரம் தெரியாதவற்றைக் காட்டாதே என்று திரை நெரிசலைக் குறைப்பதற்காக யாரோ எப்போதோ அமைத்து வைத்திருந்தார்கள். இரண்டுமே சின்ன விஷயங்கள். ஒரு திருகு, ஒரு குறி. ஆனால் அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறு ஆண்டே அலாஸ்காவில் கெட்சிகன் என்ற ஊருக்கு அருகே இதுவே உயிர்களைப் பறித்தது. 2019 மே 13 அன்று சுற்றுலாப் பயணிகளோடு வந்த இரண்டு மிதவை விமானங்கள் மோதி ஆறு பேர் இறந்தனர். ஒரு விமானத்தில் உயரத்தை அனுப்பும் கட்டுப்பாடு அணைந்திருந்ததால், மற்ற விமானத்தின் டேப்லெட் செயலியால் எச்சரிக்கை தர முடியவில்லை. உயரம் அனுப்பாத அந்த விமானத்திலோ, கருவியைப் புதுப்பித்தபோது பழையதில் இருந்த ஒலி எச்சரிக்கை இல்லாமல் போயிருந்தது. விசாரணை அறிக்கையில் இதைப் படித்தபோது, தாழங்குடாவுக்கு மேலே பார்த்த அந்தச் சிவப்புப் பட்டைதான் என் கண்முன் வந்தது.

இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. சொந்த விமானத்தின் ஒலிபரப்பையே கருவி வேற்று விமானம் என்று எடுத்துக்கொண்டு, 'அருகில் ஒன்று வருகிறது' என்று அலறும். ஓடுதளத்தைச் சுற்றி நான்கைந்து பயிற்சி விமானங்கள் வட்டமிடும்போது அது ஓயாமல் கத்தும். பத்தாவது முறையில் விமானி ஒலியைக் குறைத்துவிடுவான். அவனைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வருவதில்லை. 2009 ஆகஸ்ட் 8 அன்று நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றின்மேல் ஒரு சிறு விமானமும் சுற்றுலா ஹெலிகாப்டரும் மோதி ஒன்பது பேர் இறந்த விபத்தில், இரு விமானிகளுமே தங்களிடம் இருந்த மின்னணுப் போக்குவரத்துத் தகவலைச் சரிவரப் பயன்படுத்தவில்லை என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

இந்தக் கருவிகளின் விளம்பரத்தில் திரை நிறைய விமானங்கள் மிதப்பதை உன் பேரன் பார்த்திருப்பான். அது பெரும்பாலும் அமெரிக்க வானம். அங்கே 2020 ஜனவரி 2 முதல் பெரும்பாலான கட்டுப்பாட்டு வான்பரப்புகளில் ஏடிஎஸ்-பி ஒலிபரப்பு கட்டாயம். ரேடாரில் தெரியும் மற்ற விமானங்களையும் தரைநிலையங்கள் மறுஒலிபரப்புச் செய்கின்றன. அதுவும், ஒலிபரப்பி வைத்திருக்கும் ஒரு விமானத்தைச் சுற்றி 15 கடல்மைல், மேலும் கீழும் 3,500 அடி என்ற எல்லைக்குள் இருப்பவற்றை மட்டுமே. வெறும் கேட்கும் கருவியோடு பறக்கிறவனுக்கு, வேறு யாருக்காகவோ அனுப்பியதில் காதில் விழுந்தது மட்டுமே மிச்சம். அந்த ஏற்பாட்டை நம்பி வரைந்த படத்தை வைத்துக்கொண்டு கடலூர் வானத்தை அளக்க முடியாது.

தடைகளைப் பற்றியும் கேட்டிருந்தாய். கோபுரத்தையோ புகைபோக்கியையோ கருவி பார்ப்பதில்லை. எப்போதோ யாரோ எழுதி வைத்த பட்டியலைப் படிக்கிறது. பன்னாட்டு விதிப்படி, ஒரு நாடு முழுமைக்குமான பட்டியலில் தரையிலிருந்து 100 மீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்தவையே இடம்பெறும். அதைவிடத் தாழ்ந்தவை விமான நிலையங்களைச் சுற்றித்தான் கணக்கெடுக்கப்படும். ஆகவே, பரங்கிப்பேட்டைப் பக்கத்து அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி திரையில் வரும் என்று எதிர்பார்க்கலாம். நெய்வேலியிலிருந்து நாலாபுறமும் போகும் உயரழுத்த மின்கம்பிகளையும் வயல் நடுவே நிற்கும் கைப்பேசிக் கோபுரங்களையும் அப்படி எதிர்பார்க்க முடியாது. இயந்திரம் நின்று வயலில் இறங்க நேரும் விமானிக்குப் புகைபோக்கியைவிட அந்தக் கம்பிதான் எமன். கோபுரமாவது கண்ணில் படும். கம்பி கடைசி நொடிவரை படாது. 2011-இல் தானே புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் எத்தனை மின்கம்பங்கள் சாய்ந்து மறுபடி நடப்பட்டன என்று உனக்கே தெரியும். பட்டியல் அந்த வேகத்தில் ஓடி வருவதில்லை.

நெய்வேலியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பல கருவிகளில் உள்ள நிலமட்ட வரைபடத்துக்கு அடிப்படை, 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து பதினோரு நாட்கள் ரேடார் கொண்டு எடுத்த அளவீடு. சுரங்கத்தில் மேல்மண்ணை வெட்டிக் குவித்த மேடுகளைப் பேருந்தில் போகும்போது நீயும் பார்த்திருக்கிறாய். அவை அந்த ஆண்டுக்குப் பிறகு வளர்ந்திருக்கின்றன, இடம் மாறியிருக்கின்றன. அன்று தரையாக இருந்த இடம் இன்று ஆழமான பள்ளம். இல்லாத மேட்டுக்கு எச்சரிக்கையும் இருக்கும் மேட்டுக்கு மௌனமும் அங்கே இயல்பாகவே நேரக்கூடியவை.

உயரக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்த பகுதி; பொறுத்துக்கொள். ஜிபிஎஸ் தரும் உயரம் முதலில் கடல்மட்டத்திலிருந்து அளக்கப்படுவதில்லை. பூமிக்கு வடிவகணித முறையில் கற்பித்த ஒரு முட்டைவடிவப் பரப்பிலிருந்து அளக்கப்படுகிறது. உண்மையான கடல்மட்டம் தென்னிந்தியாவிலும் இலங்கையைச் சுற்றியும் அந்தப் பரப்பைவிட வெகுவாகத் தாழ்ந்திருக்கிறது. நம் கரையில் இந்த வேறுபாடு ஏறத்தாழ 90 மீட்டர். ஒருநாள் மாலை தேவனாம்பட்டினம் கடற்கரையில் அலை காலை நனைக்கும் இடத்தில் நின்று, திருத்தம் செய்யாத ஒரு ஜிபிஎஸ் தகட்டைக் கையில் வைத்துப் பார்த்தேன். நான் கடலுக்குள் மூழ்கிக் கிடப்பதுபோல மைனஸ் 88, மைனஸ் 91 என்று எண்கள் ஓடின. நல்ல கருவிகள் இந்த வேறுபாட்டைத் திருத்திக் காட்டுகின்றன. திருத்தம் விடுபட்ட கருவியோ செயலியோ ஆயிரம் அடியில் பறப்பவனை எழுநூறு அடியில் பறப்பதாக எண்ணிக்கொள்ளும். தடை எச்சரிக்கை காரணமில்லாமல் கத்தும், அல்லது தனக்குக் கீழே போகும் விமானத்தைத் தன் மட்டத்தில் இருப்பதாகக் காட்டும்.

இவ்வளவும் எழுதியதால் அவன் கருவியைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. அதில் அம்புக்குறி தெரிந்தால் அந்தத் திசையில் கட்டாயம் பார்க்கட்டும். அது பெரிய உதவி. திரையில் எதுவும் இல்லையென்றால் வானத்தில் எவரும் இல்லை என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது. இதில் எனக்குத் தயாரிப்பாளர்கள்மேல் உண்மையான வருத்தம் உண்டு. கேட்க முடியாத வானத்தையும் காலியான வானத்தையும் ஒரே வெள்ளைத் திரையாகக் காட்டுகிறார்கள். தடைப் பட்டியல் காலாவதியாகிவிட்டது என்ற செய்தியை, ஒரு விரல் தட்டில் மறைந்துபோகும் சிறு எழுத்தில் போடுகிறார்கள். முப்பது ஆண்டு அனுபவமுள்ள விமானி அதைத் தன் அறிவால் ஈடுகட்டிக்கொள்வார். முப்பது மணி நேரம் பறந்த பையனிடம் அந்த அறிவை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அவனுக்கு என் சார்பாகச் சொல். கருவியைத் தன் உடலும் உலோகச் சட்டமும் மறைக்காத இடத்தில் பொருத்த வேண்டும். வானலையை உடம்பு பெருமளவு தடுத்துவிடும். கிளம்புமுன் தன் டிரான்ஸ்பாண்டர் திருகு 'ஆல்ட்' நிலையில் இருப்பதைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பிறர் திரையில் அவன் தெரிவது அதைப் பொறுத்தது. தான் இருக்கும் இடத்தையும் உயரத்தையும் ரேடியோவில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். திருப்பத்துக்கு முன் இறக்கையைச் சற்றே தூக்கியும் தாழ்த்தியும் மறைந்த பக்கத்தைப் பார்க்க வேண்டும். அன்று எங்களுக்கு அந்த விமானத்தைக் காட்டியது தாழ்ந்த இறக்கைதான்.

விடுமுறையில் அவனைக் கருவியோடு இங்கே அனுப்பி வை. தேவனாம்பட்டினத்துக்கு அழைத்துப் போய் அவன் கருவி கடல்மட்டத்தை எத்தனை மீட்டர் என்று காட்டுகிறது என்று இருவருமாகப் பார்க்கிறோம். அதற்கு முன், அமைப்புகள் பக்கத்தைத் திறந்து, தடைப் பட்டியல் எந்தத் தேதியோடு முடிகிறது என்றும், உயரம் தெரியாத விமானங்களைக் காட்டும் குறி போடப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்து, அவன் கையாலேயே எனக்கு ஒரு வரி எழுதச் சொல்.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் அன்பு நண்பன்