செயலாளர் ஆண்டறிக்கை: துப்பாக்கி, ஸ்கோப், தோட்டா, நிலுவைச் சந்தா

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத் தலைவர், பொருளாளர், செயற்குழுவினர் அவர்களே, இன்று வருகை தந்திருக்கும் உறுப்பினர்களே, வருகை தராத உறுப்பினர்களே (இவ்வறிக்கையின் நகல் அவர்களுக்கும் அனுப்பப்படும்), அனைவருக்கும் வணக்கம்.

சிறுவிலங்கு வேட்டையிலும் பயிர்க்காப்பிலும் ஈடுபட்டிருக்கும் நமது சங்கத்தின் கடந்த ஆண்டு நடவடிக்கைகளைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன். செயற்குழு விதிப்படி கூடியது. பாதுகாப்பு வகுப்பு வழக்கம்போல் நடந்தது. ஆண்டுப் போட்டி நடந்தது, பரிசுகள் வழங்கப்பட்டன. சுடுதளத்தின் பின்புற மண்மேடு மழையில் கரைந்து, மீண்டும் உயர்த்தப்பட்டது. உரிமப் புதுப்பிப்பு குறித்து இரண்டு சுற்றறிக்கைகள் அனுப்பப்பட்டன, படித்தவர்கள் பயனடைந்தார்கள்.

இனி, இந்த ஆண்டு சங்கம் செய்த முக்கியப் பணிக்கு வருகிறேன். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "சங்கப் பணத்தைச் செயலாளர் தோட்டாவாகச் சுட்டுத் தள்ளுகிறார்" என்று ஒரு பேச்சு கிளம்பி என் காதுவரை வந்துவிட்டது.

சென்ற பொதுக்குழுவில் புதிய உறுப்பினர் ஒருவர் எழுந்து, முயலுக்கும் தோட்டத்து அணிலுக்கும் எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று கேட்டார். நான்கு பக்கமிருந்தும் காலிபர்களின் (அங்குலத்தில் சொல்லப்படும் குழல் துளை அளவுகளின்) பெயர்கள் பறந்தன. கேட்டவர் உட்கார்ந்தார், பிறகு எழவே இல்லை. அந்தக் கேள்விக்கு விடை தாளில் கிடைக்க வேண்டும், வாயில் அல்ல என்று கருதித்தான் 'தோட்டா ஒப்பீடு' என்ற திட்டத்தைச் செயற்குழுவில் வைத்தேன். ஒப்புதலும் பெற்றேன், தீர்மானம் பதிவேட்டில் இருக்கிறது. திட்டம் எளிமையானது. பல வகைத் தோட்டாக்களைச் சங்கம் வகைக்கு ஒரு பெட்டி மட்டும் வாங்கும். உறுப்பினர்கள் தங்கள் சொந்தத் துப்பாக்கியைக் கொண்டுவந்து, மேசையில் மணல்மூட்டை வைத்து, 50 மீட்டரில் வகைக்கு ஐந்து குண்டு சுடுவார்கள். துளை விழுந்த தாள்கள், துப்பாக்கியின் விவரத்தோடு கோப்பில் சேரும்.

காலிபர் பற்றிய என் கருத்தைக் கேட்டவர்களுக்குச் சொன்னதையே இங்கும் பதிவு செய்கிறேன். களஞ்சியத்து எலிக்கும் கூரையிலிருக்கும் புறாவுக்கும் ஏர் ரைஃபிளே போதும். நெருங்கிச் சுடப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். முயலுக்கு .22 லாங் ரைஃபிள். 1887-இல் வந்த இந்தத் தோட்டாவை இன்றுவரை எதுவும் ஓரங்கட்டவில்லை. 40 கிரெயின் (சுமார் இரண்டரை கிராம்) குண்டு, சத்தம் குறைவு, உதைப்பு இல்லையென்றே சொல்லலாம். ஆனால் எழுபது எண்பது மீட்டரைத் தாண்டினால் குண்டு விழத் தொடங்கும் வேகத்தை நம் கண் குறைத்தே மதிப்பிடும். ஒலியைவிட மெதுவான வகையை 50 மீட்டருக்கு ஜீரோ செய்துவிட்டு (அந்தத் தூரத்தில் குறியும் துளையும் ஒன்றாகும்படி திருகிவைத்துவிட்டு) 100 மீட்டரில் அதே குறியில் சுட்டால், குண்டு ஏறத்தாழ ஒரு சாண் கீழே போகும். அந்தத் தூரத்திலும் சுட்டே ஆக வேண்டும் என்பவருக்கு 2002-இல் வந்த .17 எச்எம்ஆர் தோட்டா இருக்கிறது. .22 மேக்னத்தின் கூட்டையே கழுத்து ஒடுக்கிச் செய்தது. 17 கிரெயின் குண்டை நொடிக்குச் சுமார் 2,550 அடி வேகத்தில் அனுப்பும். பாதை தட்டையாக இருக்கும். பக்கக் காற்று மட்டும் அந்த இலேசான குண்டை விட்டுவைக்காது. மெல்லிய உறைக் குண்டாக இருப்பதால் இறைச்சிக்காக வேட்டையாடுபவர் தலையில்தான் சுட வேண்டும். உடம்பில் பட்டால் சமையலுக்கு மிஞ்சுவது கொஞ்சம். .223 போன்ற மையத்தீத் தோட்டாக்களை (அடியின் நடுவில் தட்டித் தீமூட்டும் வலுவான வகைகளை) முயலுக்குப் பரிந்துரைக்கும் நண்பர்களோடு எனக்கு விவாதம் இல்லை. அவர்கள் முயலைச் சாப்பிடுபவர்கள் அல்லர் என்று புரிந்துகொள்கிறேன்.

ஒப்பீட்டில் தெரிந்தது இதுதான். ஒரே நிறுவனம், ஒரே மாதிரி, அடுத்தடுத்த எண் கொண்ட இரண்டு துப்பாக்கிகள் ஒரே தோட்டாவை ஒரே விதமாகச் சுடவில்லை. ஒன்றில் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கிய ஐந்து துளைகள், மற்றொன்றில் உள்ளங்கை அகலத்துக்குப் பரவின. தோட்டாவை மாற்றியதும் நிலைமை தலைகீழானது. விலை உயர்ந்த பெட்டிதான் நன்றாகச் சுடும் என்பதும் இல்லை, மலிவானது சுடாது என்பதும் இல்லை. அந்தக் குழலுக்கு எது பிடிக்கிறதோ அதுதான் அதற்கு நல்ல தோட்டா. .22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாவை (அடியின் விளிம்பில் தட்டித் தீமூட்டும் வகையை) நாமே மறுபடி நிரப்பிச் சீர்செய்துகொள்ள நடைமுறையில் வழி இல்லாததால், கடைப் பெட்டிகளுக்குள் தேடுவதைத் தவிர மாற்று கிடையாது. இதை அறியாமல் ஒரேயடியாக ஒரு பெருந்தொகுதி வாங்கி வைத்துவிட்டு, துப்பாக்கி சரியில்லை என்று விற்க விளம்பரம் கொடுத்தவர் நம்மிடையே உண்டு. அவருடைய துப்பாக்கியை வாங்கியவரும் நம் உறுப்பினரே. வேறு தோட்டா போட்டு இந்த ஆண்டுப் போட்டியில் பரிசு வாங்கினார்.

இன்னொரு தாளை எல்லோரும் பார்க்க வேண்டும் என்பதால் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். அந்த உறுப்பினரின் துளைகள் தாள் முழுதும் இறைந்து கிடந்தன. குழல் தேய்ந்துவிட்டது என்றார். அவருடைய தோல்பையைக் கவிழ்த்துப் பார்த்தோம். ஈயம் பளிச்சென்று தெரியும் உருண்டை முனைக் குண்டுகள், செம்புப் பூச்சுப் பூசிய குழிமுனைக் குண்டுகள், கூட்டின் அடியில் வேறு முத்திரை கொண்டவை எனப் பழைய பெட்டிகளின் மிச்சமெல்லாம் ஒரே பையில் கலந்திருந்தன. வகை பிரித்துச் சுடச் சொன்னோம். ஒவ்வொரு வகையும் தாளில் தனக்கென்று ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நெருக்கமாக விழுந்தது. குழலுக்கு ஒரு குறையும் இல்லை.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து வாங்குவது பெரும்பாலோர் பழக்கம். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,125 அடி. அதற்கு மேல் புறப்படும் .22 குண்டு போகிற வழியில் வேகம் குறைந்து அந்த எல்லையைக் கீழ்நோக்கிக் கடக்கிறது. அங்கே தடுமாற இடமுண்டு. போட்டிக்காரர்கள் மெதுவான தோட்டாவைத் தேடுவதன் காரணம் அது. வேட்டையில் இன்னொரு லாபமும் உண்டு: ஒலி எல்லையைத் தாண்டாத குண்டுக்குச் 'சடார்' என்ற வெடிப்பொலி கிடையாது. பக்கத்தில் மேயும் இரண்டாவது முயல் தலையைத் தூக்கிப் பார்க்கும், ஓடாது. ஆனால் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத்தானியங்கித் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். மெதுவான தோட்டா அதன் போல்ட்டை (தோட்டாவைப் பின்னிருந்து அடைக்கும் உலோகத் துண்டை) பின்தள்ளப் போதாமல் சிக்கிக்கொள்ளலாம். கையால் இழுக்கும் போல்ட் துப்பாக்கிக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஸ்கோப் (துப்பாக்கி மேல் பொருத்தும் குறிநோக்கி) விஷயத்தில் என் மனத்தாங்கலை மறைக்க விரும்பவில்லை. 24 மடங்கு பெருக்கும் ஸ்கோப்பை .22 மேல் ஏற்றி வந்தவர்கள் இந்த ஆண்டு அதிகம். 50 மில்லிமீட்டர் முன்கண்ணாடியை 24-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம் 2 மில்லிமீட்டர்தான். முயல் வெளியே வரும் அந்தி மங்கலில் நம் கண்பாவை அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு விரிந்து ஒளிக்குக் காத்திருக்கும். 40 மில்லிமீட்டர் கண்ணாடியில் ஆறு மடங்கு வைத்தவர் அதே மங்கலில் முயலின் காதைப் பார்க்கிறார். 24 மடங்குக்காரர் கறுப்பைப் பார்க்கிறார். போதாதற்கு, பெரிய துப்பாக்கிக்கென்று செய்த ஸ்கோப்பில் இடமாறு தோற்றப் பிழை 100 கஜத்துக்கோ அதற்கும் மேலோ சரிசெய்யப்பட்டிருக்கும். 25 மீட்டரில் தலையைச் சற்று அசைத்தால் குறுக்குக்கோடு குறியின் மேல் நீந்தும். ரிம்ஃபயர் ஸ்கோப்புகளை 50 கஜத்தை ஒட்டிச் சரிசெய்து விற்கிறார்கள். இல்லையென்றால் பக்கவாட்டில் திருகிச் சரிசெய்யும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும். ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு, அதற்கென்றே குறிப்பிட்ட ஸ்கோப் அல்லாமல் வேறெதையும் வைக்க வேண்டாம். உதைப்பே இல்லாத துப்பாக்கிதானே என்கிறார்கள். அது பின்னுக்கு ஒரு முறையும் முன்னுக்கு ஒரு முறையும் உதைக்கிறது. முன்னுதையைத் தாங்கும்படி எல்லா ஸ்கோப்பும் செய்யப்படுவதில்லை. நம் உறுப்பினர் ஒருவரின் ஸ்கோப்பில் குறுக்குக்கோடு சாய்ந்தே போய்விட்டது.

ஜீரோ நாட்களில் கண்ட பொதுக்குறை இது: ஒரு துளை விழுந்ததும் ஸ்கோப்பின் குறியை நகர்த்தும் திருகியில் கை போகிறது. கால் நிமிடக் கோணத் திருகி ஒரு சொடுக்குக்கு 100 மீட்டரில் 7 மில்லிமீட்டர் நகர்த்தும். 50 மீட்டரில் அதில் பாதி. ஒவ்வொரு துளையையும் துரத்தினால் பெட்டி காலியாகும், ஜீரோ வராது. ஐந்து சுட்டு, அவற்றின் நடுவைப் பார்த்துத் திருக வேண்டும். அதோடு, ஸ்கோப் குழலுக்கு நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதால், 50 மீட்டருக்கு ஜீரோ செய்த துப்பாக்கி ஏழெட்டு மீட்டரில் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் கீழே சுடும். எலியின் தலைக்கு அது முழுத் தவறு. கிட்டத்துத் தாளிலும் ஒரு முறை சுட்டு, எவ்வளவு கீழே என்று துப்பாக்கிக் கட்டையில் ஒட்டிய நாடாவில் எழுதி வையுங்கள்.

துப்பாக்கியைக் குறைசொல்லிக்கொண்டு வந்தவர்களில் பலருக்குப் பிரச்சினை ஸ்கோப் வளையத் திருகாணியில்தான் இருந்தது. ஒருவருடைய பின்வளையத் திருகாணி, கருவியே வேண்டாமல் விரலாலேயே சுழன்றது. இந்த இடத்தில், வளையங்களை அளவோடு முறுக்குவதற்காகச் சங்கம் வாங்கிய கருவி இரவல் போய் இன்னும் திரும்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது, பெயரை வாசிக்கவில்லை.

பாதுகாப்பு பற்றி ஒரு பத்தி கட்டாயம். .22 சிறியது என்ற எண்ணமே ஆபத்து. அண்ணாந்து விட்ட குண்டு ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் போகும். மெதுவான முழு ஈயக்குண்டு கல்லிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறிப்பதில் பேர்போனது. எனவே கிளையில் இருக்கும் அணிலைப் பின்னால் அடிமரம் இல்லாமல் வெறும் வானத்தை நோக்கிச் சுடுவதற்குச் சங்க விதி அனுமதிக்கவில்லை, இனியும் அனுமதிக்காது. ஈயமற்ற குண்டுகள் பற்றியும் கேள்விகள் வந்தன. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக்குண்டு முழுத் தடை. சுட்டுப்போட்ட உடலைத் தின்னும் கழுகுகள் ஈய நஞ்சால் சாவதே அதற்கு முக்கியக் காரணம். .22-இல் ஈயமற்றவை இலேசாக இருப்பதால் பல குழல்கள் அவற்றை விரும்புவதில்லை. வகைக்கு ஒரு பெட்டி வாங்கிப் பார்க்கலாம் என்றிருந்தேன், நிதி இடம்கொடுக்கவில்லை.

நிதி என்றதும் சந்தா நினைவுக்கு வருவது இயல்பு. ஒப்பீட்டு நாட்களுக்கு வந்தவர்களையும் சந்தா செலுத்தியவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய அதே பெயர்கள்தான். ஆனால் கோப்பிலுள்ள முடிவுகளைத் தொலைபேசியில் கேட்டறிந்தவர்களின் பட்டியல் இவ்விரண்டையும்விட நீளம். "எனக்கு எந்தத் தோட்டா நல்லது?" என்று இரவு நேரத்தில் கேட்பவருக்கு நான் சொல்லும் விடை ஒன்றே: உங்கள் துப்பாக்கியைக் கொண்டுவாருங்கள். அடுத்தவர் தாளைப் பார்த்து உங்கள் குழலுக்குத் தோட்டா வாங்க முடியாது என்பதற்குத்தானே இத்தனை பாடும்! நிலுவை வைத்திருப்பவர்களில் சிலர் பல ஆண்டுக் காலமாக வைத்திருக்கிறார்கள். அவர்களில் இருவர் சங்கச் செலவுகளைப் பற்றிக் கேள்வி கேட்பதில் முன்னணியில் இருக்கிறார்கள் என்பதைப் பெருமையோடு குறிப்பிடுகிறேன்.

கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சுருக்கமாக: சந்தாவும் சுடுதளக் கட்டணமும் வரவு, மண்மேடு, குறித்தாள், தோட்டா, அச்சுக்கூலி செலவு. சென்ற ஆண்டு இருப்பைவிட இந்த ஆண்டு இருப்பு சற்றுக் குறைவு. தோட்டாச் செலவு மண்மேட்டுச் செலவைவிடக் குறைவுதான். ஐயமுள்ளவர்கள் ரசீதுகளைப் பார்க்கலாம்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், தணிக்கையாளருக்கும், மண்மேட்டுக்குத் தோள்கொடுத்த இளைஞர்களுக்கும், நிலத்தில் சுட அனுமதித்த உழவர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. மணல்மூட்டை தைத்துக் கொடுத்த உறுப்பினருக்குத் தனி நன்றி. அவர் கூலி கேட்கவில்லை, நாங்களும் நினைவூட்டவில்லை.

அடுத்த ஆண்டு ஒப்பீட்டை ஏர் ரைஃபிளுக்கும் விரிவாக்கத் திட்டமிருக்கிறது. அதில் குண்டின் எடையும் 'பாவாடை' எனப்படும் அதன் விரிந்த அடிப்பகுதியின் அளவும் மாறினால் துளைகள் எங்கே போகின்றன என்று பார்க்க ஆவல். பணம் வந்தால் நடக்கும். வராவிட்டால் கோப்பு இருக்கும் நிலையிலேயே அலமாரியில் இருக்கும், சாவி அடுத்த செயலாளரிடம் இருக்கும். அப்பொறுப்பை ஏற்க விரும்புவோர் பெயர் கொடுக்கலாம் என்று சென்ற மூன்று சுற்றறிக்கைகளிலும் எழுதியிருந்தேன். இதுவரை ஒருவரும் கொடுக்கவில்லை. ஒப்பீட்டு மேசையில் முதல் இடம், நடப்புச் சந்தா ரசீது காட்டுபவருக்கே என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. ரசீதுப் புத்தகம் வாசலருகே பொருளாளரிடம் இருக்கிறது. கூட்டம் முடிந்த பிறகும் அவர் சற்று நேரம் அங்கேயே இருப்பார். முறுக்குக் கருவியையும் அவரிடமே கொடுக்கலாம்.

இங்ஙனம்,
செயலாளர்