காரில் திருகுக் குமிழ் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழில் பண்டிகைக் காலந்தோறும் வரும் முழுப்பக்கக் கார் விளம்பரங்களை விடாமல் பார்ப்பவன் நான். முன்பெல்லாம் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைத்தான் கொட்டை எழுத்தில் போடுவார்கள். இப்போது அந்த இடத்தைத் தொடுதிரையின் அங்குலக் கணக்கு பிடித்துக்கொண்டது. 10.25 அங்குலம், 12.3 அங்குலம் என்று தொலைக்காட்சிப் பெட்டி விற்பதுபோல் கார் விற்கிறார்கள். அந்தத் திரைக்கு இடம் விடுவதற்காக டேஷ்போர்டிலிருந்து பிடுங்கி எறியப்பட்ட சின்னஞ்சிறு குமிழ்களையும் பட்டன்களையும் பற்றியதே இக்கடிதம். பாலிடெக்னிக்கில் முப்பதாண்டுகள் மெக்கானிக்கல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் என்பதால், புதிய கருவிகளைக் கண்டு மிரளும் கிழவனின் புலம்பலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற கார்த்திகையில் ஒரு நாள் இரவு, திருச்சியில் ஒரு திருமண வரவேற்பை முடித்துக்கொண்டு நானும் மனைவியும் திண்டுக்கல் திரும்பிக்கொண்டிருந்தோம். கார் வாங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. மணப்பாறை வரையில் தூறலாக இருந்தது, அய்யலூரை நெருங்கும்போது கனமழையாகப் பிடித்துக்கொண்டது. வெளியே மழையில் குளிர்ந்த கண்ணாடி. உள்ளே எங்கள் இருவரின் மூச்சும், நனைந்த குடையும், மனைவியின் பட்டுச்சேலை ஈரமும். இரண்டே நிமிடத்தில் முன்கண்ணாடியின் உட்புறம் பாலாடை படர்ந்ததுபோல் வெளுத்துவிட்டது.

இதற்கான வைத்தியம் கார் ஓட்டும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஏ.சி.யைப் போட்டு, உள்காற்றையே சுற்றவிடாமல் வெளிக்காற்றை எடுக்க வைத்து, அந்தக் காற்றைக் கால்பக்கமிருந்து முன்கண்ணாடிக்குத் திருப்பிவிட வேண்டும். ஏ.சி.யின் குளிர்ச்சுருள் காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக வடித்து எடுத்துவிடுவதால், உலர்ந்த காற்று பட்டுக் கண்ணாடி சீக்கிரமே தெளிந்துவிடும். நான் பதினான்கு ஆண்டுகள் வைத்திருந்த பழைய காரில் இதற்கென்று மூன்று குமிழ்கள் வரிசையாக இருந்தன. வலது ஓரக் குமிழைப் பிடித்து, டக், டக் என்று அது ஒவ்வோர் இடத்திலும் பிடித்துப் பிடித்து விடுவதை விரலால் எண்ணிக்கொண்டே, முட்டும்வரை திருக வேண்டும், அவ்வளவுதான். அதைச் செய்யும்போது என் கண் ஒருமுறைகூடச் சாலையை விட்டு விலகியதாக நினைவில்லை.

புதிய காரில் என்ன நடந்தது? திரையில் வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து முகப்புப் பக்கத்துக்கு வந்து, ஏ.சி. என்ற கட்டத்தைத் தொட்டு, அதற்குள்ளே காற்று போகும் திசைக்கான இன்னொரு பக்கத்தைத் திறந்து, அங்கே வரிசையாக நிற்கும் ஐந்து சின்னப் படங்களில், வளைந்த அம்புக்குறிகள் கண்ணாடியில் முட்டுவதுபோல் வரைந்த படத்தைத் தேடித் தொட வேண்டும். சாலையில் வண்டி குலுங்க, விரல் பக்கத்துப் படத்தில் பட்டது. மறுபடி முயன்றபோது திரை விரலை ஏற்கவே இல்லை. பிறகுதான் காரணம் புரிந்தது: அதற்கு முன்பு கண்ணாடியைக் கையாலேயே துடைத்திருந்தேன், விரல் நனைந்திருந்தது. இத்தகைய திரைகள் விரலின் அழுத்தத்தை அல்ல, விரல் பட்டதும் மின்புலத்தில் ஏற்படும் மாற்றத்தைத்தான் உணர்கின்றன. ஈரம் அந்தக் கணக்கைக் குழப்பிவிடும். ஆக, மழைக்காகவே தேவைப்படும் ஒரு வசதி, மழை ஈரம் பட்ட விரலுக்குக் கட்டுப்படாது என்பதுதான் நான் பல லட்சம் கொடுத்து வாங்கிய பொருளின் லட்சணம். "என்னங்க, முன்னால லாரி!" என்று மனைவி கத்திய பிறகே தலையை நிமிர்த்தினேன். ஓரம் கட்டி, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கண்ணாடிக்குக் காற்றைத் திருப்பிவிட்டுத்தான் மறுபடி கிளம்பினோம். இந்த ஒன்றுக்கு மட்டுமாவது தனி பட்டன் வைத்திருக்கும் கார்களும் உண்டு. என் காரில் அதுவும் இல்லை.

இதில் கணக்கு மிக எளிது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டருக்குமேல் கடக்கும். நான்கு நொடி திரையைப் பார்த்தால், ஏறக்குறைய 89 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்குச் சமம். பின்விளக்கு எரியாமல் ஓரத்தில் நிற்கும் லாரிகளும், நடுத்தடுப்பைத் தாண்டிக் குதிக்கும் மாடுகளும் நம் நாற்கரச் சாலைகளுக்குப் புதியவை அல்ல.

சுவீடனில் ஒரு வாகன இதழ் 2022-ஆம் ஆண்டில் இதை முறையாகவே சோதித்துப் பார்த்தது. பதினொரு புதிய கார்களையும், அவற்றோடு ஒப்பிடுவதற்காகப் பட்டன்களும் குமிழ்களும் மட்டுமே கொண்ட 2005-ஆம் ஆண்டு வோல்வோ ஒன்றையும் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, வெப்பநிலையைக் கூட்டுவது, கண்ணாடிப் படலத்தை நீக்குவது, வானொலி நிலையத்தை மாற்றுவது போன்ற சில அன்றாட வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். ஓட்டியவர்களுக்கு ஒவ்வொரு காரையும் முன்னதாகவே பழகிக்கொள்ள நேரமும் கொடுத்தார்கள். பழைய வோல்வோவில் எல்லா வேலையும் முடிய 10 நொடி ஆயிற்று, அதற்குள் வண்டி 306 மீட்டர் போயிருந்தது. கடைசி இடம் பிடித்த புதிய காரில் 44.9 நொடி, வண்டி கடந்த தூரம் 1,372 மீட்டர். பதினேழு ஆண்டு முன்னேற்றத்தின் பலன், ஒரே வேலைக்கு நான்கு மடங்குக்கும் அதிகமான நேரம்.

நம் சட்டம் இந்த ஆபத்தை அறியாததன்று. கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ஆபத்தாக வண்டி ஓட்டிய குற்றத்தில் அடங்கும். ஆறு அங்குலக் கைபேசியைத் தொட்டால் குற்றம். அதைப்போல் இருமடங்கு பெரிய திரையை நிறுவனமே பொருத்திக் கொடுத்து, ஏ.சி.க்கும் விளக்குக்கும் அதைத் தொட்டே தீர வேண்டும் என்று ஆக்கிவிட்டால் குற்றமில்லை. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ உயர் மண்டல நீதிமன்றம் 2020-இல் இந்த முரண்பாட்டை நேருக்கு நேர் சந்தித்தது. டெஸ்லா காரில் வைப்பரின் வேகத்தைத் திரை வழியாக மாற்ற முயன்ற ஒருவர் மழையில் சாலையை விட்டு விலகி மோதிவிட, அந்தத் திரையும் கைபேசியைப் போன்ற மின்னணுக் கருவியே என்று நீதிமன்றம் கூறி, அவருக்கு விதிக்கப்பட்ட 200 யூரோ அபராதத்தையும் ஒரு மாத ஓட்டுநர் தடையையும் உறுதி செய்தது. தீர்ப்பில் பிழை சொல்ல முடியாது. ஆனால் வைப்பரைத் திரைக்குள் கொண்டுபோய் வைத்தவருக்கு என்ன அபராதம் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

கடலிலும் இதே பாடத்தைப் படித்திருக்கிறார்கள். 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே அமெரிக்கக் கடற்படையின் ஜான் எஸ். மெக்கெயின் என்ற போர்க்கப்பல், ஓர் எண்ணெய்க் கப்பலுடன் மோதி 10 மாலுமிகள் இறந்தனர். பயிற்சிக் குறைவு உள்ளிட்ட பல காரணங்களோடு, கப்பலைத் திருப்பவும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் வைத்திருந்த தொடுதிரை அமைப்பின் குழப்பமும் விசாரணையில் சுட்டிக்காட்டப்பட்டது. 2019-இல் அந்தக் கடற்படை, தன் நாசகாரிக் கப்பல்களில் வேகக் கட்டுப்பாட்டுக்கு மீண்டும் கைப்பிடி நெம்புகோல்களையே பொருத்தப்போவதாக அறிவித்தது.

பிறகு ஏன் திரை? காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு பட்டனுக்கும் ஓர் அச்சு வேண்டும், கம்பி வேண்டும், பொருத்த ஆள் வேண்டும். ஒரே திரையில் எல்லாவற்றையும் எழுதிவிட்டால் அந்தச் செலவெல்லாம் மிச்சம். செலவு குறைந்த ஒன்றை 'பிரீமியம்' என்று பெயரிட்டுக் கூடுதல் விலைக்கு விற்பதுதான் இந்த வியாபாரத்தின் சாமர்த்தியம். ஷோரூமில் ஏ.சி. குளிரில், நிற்கிற வண்டியில் உட்கார்ந்து திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்து வாய் பிளந்தவர்களில் நானும் ஒருவன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

திரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பின்பக்கக் கேமராவுக்கும் வரைபடத்துக்கும் அதைவிடப் பொருத்தமானது கிடையாது. கேமரா வந்த பிறகு எங்கள் தெருவில் ரிவர்ஸ் எடுக்க யாரையும் கூப்பிட்டு நிற்கவைக்க வேண்டியிருக்கவில்லை. "வாயால சொன்னாலே போதுமேப்பா, எதுக்குத் தொடணும்?" என்று என் மகன் கேட்கிறான். என் கார் ஆங்கிலமும் இந்தியும் மட்டுமே புரிந்துகொள்ளும். என் ஆங்கிலத்துக்கு அது ஒருமுறை, நான் கேட்காமலேயே, சென்னையில் ஒரு மருந்துக்கடைக்கு வழிகாட்டத் தொடங்கியது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அன்றைய அனுபவத்துக்குப் பிறகு, கண்ணாடிக்குக் காற்றைத் திருப்பும் படத்துக்கு நேரே, திரையின் சட்டத்தில் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவைத்தேன். இருட்டில் பொட்டைத் தடவிப் பார்த்து அதிலிருந்து ஒரு விரற்கடை உள்ளே தொட்டால் சரியாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், பொட்டைத் தடவித் தொட்டால் பாட்டு அலறுகிறது. சர்வீஸ் சென்டரில் கேட்டேன். "சார், போன வாரம் அப்டேட் வந்துச்சுல்ல, அதுல இடம் மாறியிருக்கும். ரெண்டு நாள் ஓட்டினா பழகிடும்" என்றார் அங்கிருந்த இளைஞர், மிகுந்த மரியாதையுடன். என் வீட்டுக்குள் நான் தூங்கும்போது ஒருவர் புகுந்து சுவிட்சுப் பலகையை வேறு சுவருக்கு மாற்றிவிட்டுப் போனால், அதையும் இரண்டு நாளில் பழகிக்கொள்ளத்தான் வேண்டுமோ?

அடுக்களையிலும் இதே கதைதான். மிக்ஸியின் குமிழைப் பாருங்கள்: வலப்பக்கம் திருகினால் 1, 2, 3, இடப்பக்கம் திருகினால் விட்டு விட்டு ஓடும். சட்னி அரைக்கும் எவரும் அதைப் பார்த்துத் திருகுவதில்லை. மாவு ஒட்டிய கையாலும் திருகலாம். அதன் பக்கத்திலேயே இருக்கும் இண்டக்ஷன் அடுப்போ, பால் பொங்கி வழிந்து பலகையில் பட்டதும் எந்தத் தொடுதலையும் ஏற்காமல் கீச்சுக் கீச்சென்று கத்துகிறது. என்னோடு பணியாற்றிய பார்வையற்ற நண்பர் ஒருவர், தம் பழைய சலவை இயந்திரத்தின் குமிழைக் கிளிக் எண்ணித் திருகித் தாமே துணி துவைத்துவந்தவர். அது பழுதாகி, வழவழப்பான கண்ணாடிப் பலகை கொண்ட புதிய இயந்திரம் வீட்டுக்கு வந்ததிலிருந்து, மருமகள் வரும்வரை காத்திருக்கிறார். ஏ.டி.எம். விசைகளில் 5 என்ற எண்ணின்மேல் ஒரு சிறு புள்ளி தடவுவதற்கென்றே புடைத்திருக்கும். அந்த ஒரு புள்ளிதான் அவரைப் போன்றவர்களுக்கு மற்ற ஒன்பது எண்களையும் காட்டிக்கொடுக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 43-ஆம் பிரிவு, எல்லாரும் பயன்படுத்தத்தக்க வடிவமைப்புள்ள நுகர்பொருள்களை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. கடைகளில் அதன் அடையாளம் எதையும் நான் பார்க்கவில்லை.

ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் வழங்கும் யூரோ என்கேப் அமைப்பு, 2026 ஜனவரி முதல் இண்டிகேட்டர், அபாய விளக்கு, வைப்பர், ஹாரன், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனித்த பட்டனோ நெம்புகோலோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று முன்கூட்டியே அறிவித்தது. அது சட்டமன்று, ஆனாலும் நட்சத்திரம் குறைந்துவிடுமே என்ற பயம் சட்டத்தைவிட வேகமாக வேலை செய்யும். நமக்கும் 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் இருக்கிறது. மோதினால் பிழைப்போமா என்பதை அது நன்றாகவே அளக்கிறது. ஓட்டுநரின் கண்ணைச் சாலையிலிருந்து திருப்பாமல் இருப்பதற்கும் அதில் மதிப்பெண் வேண்டும் என்றும், ஐரோப்பியர் சொன்ன ஐந்தோடு, நம் மழைக்கும் வெயிலுக்கும் ஏற்றபடி முன்கண்ணாடிப் படலம் நீக்குவதையும் ஏ.சி.யைக் கூட்டிக் குறைப்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். விற்ற பிறகு அப்டேட் என்ற பெயரில் இந்தக் கட்டுப்பாடுகளின் இடத்தை மாற்றுவதற்கும் தடை வேண்டும்.

அதுவரை, கார் வாங்கப் போகும் வாசகர்கள் ஷோரூமில் ஒரு காரியம் செய்யலாம். நிற்கிற வண்டியில் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, முன்கண்ணாடிக்குக் காற்றைத் திருப்பிப் பாருங்கள். விற்பனையாளரையும் அப்படியே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளர்,
திண்டுக்கல்.